கேளையாடு துப்பிய கொட்டை

மலைச்சுனை ஒன்றில் குப்பாத்தா என்ற தவளை இருந்தாள். சுனைக்கு மேலே ஒரு மலைவேம்பு நின்றது. மரம் நிழல் கொடுத்தது. நிழல் தண்ணீரைக் குளிர வைத்தது. குளிர்ந்த தண்ணீரில் குப்பாத்தா வருடம் தவறாமல் முட்டையிட்டாள். தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு வளர்ந்தன. காட்டுப் பிராணிகள் வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போயின. மரத்துக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. மரமும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஆடி மாதம் பெருங்காற்று அடித்தது. மலைவேம்பு வேரோடு சாய்ந்தது.

மழைக்காலம் முடியும் வரை யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. தை பிறந்ததும் வெயில் நேராகச் சுனைக்குள் இறங்கியது. உச்சிப் பொழுதில் தண்ணீர் கஞ்சி போலச் சுட்டது. நாளுக்கு ஒரு விரல் வற்றியது. குப்பாத்தா முதல் முட்டைகளைக் கரையோரம் இட்டாள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் எல்லாம் வெந்துபோய் வெள்ளையாகக் கிடந்தன.

அவள் நேராக நாச்சிமுத்துவிடம் போனாள்.

நாச்சிமுத்து ஒரு கருமந்தி. அந்தக் காட்டுக்கு அவன்தான் பெரியதனம். யார் கொடுத்த பதவி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லாரையும்விட உயரமான கிளையில் உட்காருவான், அவ்வளவுதான். தரையில் கால் வைத்தால் மரியாதை குறைந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கூட்டம் கூட்டுவதென்றால் சாப்பாடுகூட வேண்டாம் அவனுக்கு.

உடனே கூட்டம் கூட்டினான். யானை வெள்ளையம்மா வந்தாள். கரடி மாரப்பன் வந்தான். முள்ளம்பன்றிகள், மலை அணில்கள், கீரிகள் எல்லாம் வந்து சுனையைச் சுற்றி நின்றன.

குப்பாத்தா நடந்ததைச் சொன்னாள். சுனைக்கு நிழல் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் நாலு கோடையில் சுனையும் இருக்காது, தன் குலமும் இருக்காது என்றாள்.

"மரம் வளர ஒரு ஆயுசு ஆகுமே," என்றான் மாரப்பன்.

வெள்ளையம்மா தலையை ஆட்டினாள். அவள் வயதில் மூத்தவள். விழுந்த மரம் முளைத்ததையே பார்த்தவள்.

"மத்த மரத்துக்கு ஆயுசு ஆகும். மலைவேம்புக்கு மூணு வருசம் போதும். அது முளைச்ச வருசம் என் முழங்காலுக்கு இருந்துச்சு. அடுத்த வருசம் முதுகைத் தாண்டிருச்சு. மூணாம் வருசம் தும்பிக்கையைத் தூக்கினாலும் நுனி எட்டலை. இந்தக் காட்டுல அத்தனை அவசரக்காரன் வேற எவனுமில்லை."

விதைக்கு எங்கே போவது? மலை முகட்டில் இன்னொரு மலைவேம்பு இருந்தது. அவர்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான் மிச்சம். தை மாசி அதற்குப் பழக்காலம். இலை எல்லாம் உதிர்ந்து, பழம் மட்டும் குலை குலையாகத் தொங்கும்.

நாச்சிமுத்து உச்சிக்கிளைக்கு ஏறி முகட்டைப் பார்த்தான். மரத்தடியில் ஒருவன் குனிந்து அந்த வருடத்தின் முதல் பழத்தைத் தின்றுகொண்டிருந்தான். செங்கோடன்!

செங்கோடன் ஒரு கேளையாடு. பெயரில்தான் ஆடு. உருவத்தில் மான். மிரண்டால் நாயைப் போலக் குரைப்பான். இந்த மூன்றையும் வைத்துக் காடே அவனைக் கேலி செய்தது. அவனும் எந்தக் கேலியை யார் சொன்னார்கள், எந்தப் பாறை மேல் நின்று சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் மனதில் வைத்திருந்தான். மலைவேம்புப் பழம் யாருக்கும் பிடிக்காது. ஒரே கசப்பு. அவனுக்கு மட்டும் அது கற்கண்டு.

ஆள் விட்டு அவனைக் கூட்டி வந்தார்கள்.

"ஏண்டா செங்கோடா," என்றான் நாச்சிமுத்து கிளையிலிருந்தபடி, "இதுவரைக்கும் எத்தனை மரத்தைத் தின்னிருப்பே?"

"மரமா? நான் எங்கே மரத்தைத் தின்னேன்? பழத்தைத்தானே தின்னேன்."

"ஒவ்வொரு பழத்துக்குள்ளயும் ஒரு மரம் இருக்குதா இல்லையா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கெட்டிக்காரத்தனமாக ஒருவன் பேசிவிட்டால் கூட்டம் அப்படித்தான் சொல்லும்.

செங்கோடன் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை. அசை போடுகிற பிராணிக்குப் பதில் மெதுவாகத்தான் வரும்.

"பதில் இல்லை பாருங்க," என்றான் நாச்சிமுத்து. "திருட்டுப்பயல். இனி முகட்டு மரத்துப் பழத்துல நீ வாய் வைக்கக்கூடாது. தின்னாதே!"

செங்கோடன் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டான்.

"சரி. பழத்துல வாய் வைக்கலை. உங்க சுனையிலயும் இனி வாய் வைக்கலை. இது சத்தியம்."

"ரொம்ப நல்லது. தண்ணி மிச்சம்," என்றான் நாச்சிமுத்து. அதற்கும் சிரித்தார்கள்.

செங்கோடன் மேற்குச் சரிவுக்குப் போய்விட்டான். நாச்சிமுத்து கேட்ட கேள்விக்குச் சரியான பதில் மறுநாள் மத்தியானம் அவனுக்கு வந்தது. திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்கிறவனுக்குத்தானே பதில் சொல்லலாம்? அவர்கள் கேட்கவா செய்தார்கள்? தீர்ப்பல்லவா சொன்னார்கள்!

பிறகு நடவு வேலை தொடங்கியது.

அணில்கள் பழங்களைக் கொண்டுவந்து குவித்தன. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முள்ளம்பன்றிகள் குழி தோண்டுவதில் சூரர்கள். ஆழமாக நட்டால்தான் வேர் பிடிக்கும் என்று ஆள் இறங்குகிற ஆழத்துக்குத் தோண்டினார்கள். மாரப்பன் புற்றுமண் கொண்டுவந்து கொட்டி, பாதத்தால் மிதித்து மிதித்து இறுக்கினான். அவனுக்குப் புற்று பிடிக்கும். அதனால் விதைக்கும் பிடிக்கும் என்று நினைத்தான். வெள்ளையம்மா காலையில் ஒரு தும்பிக்கை, மாலையில் ஒரு தும்பிக்கை என்று தண்ணீர் ஊற்றினாள். வற்றுகிற சுனையிலிருந்துதான் ஊற்றினாள். குப்பாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். தவளைக்குப் பெரிய பல் கிடையாது. இருந்ததைக் கடித்தாள்.

நாச்சிமுத்து சும்மா இருப்பானா? பச்சைப்பிள்ளை வெயிலில் வாடும் என்று சொல்லி, நட்ட இடத்துக்கு மேலெல்லாம் தழையை வெட்டிப் போட்டுப் பந்தலாக மூடச் சொன்னான். பிறகு தினமும் கூட்டம். முளைத்ததா என்று கேட்பான். இல்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள் என்பான்.

கூட்டம் போட்டு முளைத்த விதை எதையும் நான் கண்டதில்லை. இதுவும் முளைக்கவில்லை.

சித்திரை போயிற்று. வைகாசி மழை வந்தது. மாரப்பன் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தான். பழம் அழுகிக் களியாகிக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் மூன்று நாள் தேன்கூட இறங்கவில்லை அவனுக்கு.

அந்தக் கோடையில் குப்பாத்தாவின் குஞ்சு ஒன்றுகூடக் கரையேறவில்லை.

நாச்சிமுத்து மறுபடி கூட்டம் கூட்டினான். செங்கோடன் திருட்டுத்தனமாக வந்து விதையைக் கெடுத்துவிட்டான் என்றான். யாராவது பார்த்தீர்களா என்று குப்பாத்தா கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் வருவதுதானே திருட்டு என்றான் நாச்சிமுத்து. அடுத்த தை பிறந்ததும் முகட்டு மரத்தைச் சுற்றி முள்ளம்பன்றிகளைக் காவல் நிறுத்தினான். மறுபடி பழம் குவிந்தது. மறுபடி குழி, புற்றுமண், தண்ணீர், பந்தல்.

மாசிக் கடைசியில் சுனை ஒரு யானைக் கால் தடம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. குப்பாத்தா அதன் நடுவில் உட்கார்ந்தாள். முட்டை வயிற்றில் கனத்தது. இங்கே இட்டால் போன வருடக் கதைதான்.

அன்று மத்தியானம் எதிர்பாராத ஒரு மழை பெய்தது. தரை நனைந்தது. நனைந்த தரையில் தவளை எவ்வளவு தூரமும் போகும். குப்பாத்தா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு தண்ணீர் தேடித் தத்தித் தத்தி மேற்குச் சரிவில் இறங்கினாள்.

சரிவில் ஒரு பக்கம் பழைய மண்சரிவு. பெரிய மரம் எதுவும் இல்லை. வெயில் முழுசாக விழும் வெட்டவெளி. அங்கே வந்ததும் குப்பாத்தா அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே மலைவேம்புகள்!

ஒன்றா இரண்டா? ஒரு கூட்டமே நின்றது. சில மரங்கள் யானைக்கு மேல் யானை நின்ற உயரம். அதற்கு அடுத்தவை ஒரு யானை உயரம். அதற்கும் அடுத்தவை கரடி எழுந்து நின்ற உயரம். படி கட்டினது போல வரிசையாக இறங்கி வந்தன. யாரும் குழி தோண்டவில்லை. பந்தல் போடவில்லை. மழை பெய்தால் நனைந்து, வெயில் அடித்தால் காய்ந்து, அம்பு போல நேராக நின்றன.

நடுவில் ஒரு சின்னப் பாறை. அதன் பக்கத்தில் செங்கோடன் கால் மடக்கிப் படுத்திருந்தான். தாடை இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் குப்பாத்தா, "இதை எல்லாம் யாரு நட்டது?"

செங்கோடன் திரும்பிப் பார்த்தான். அசை போட்டு முடித்து விழுங்கிவிட்டுத்தான் பேசினான்.

"நீ அன்னைக்குச் சிரிக்கலை. அதனால பேசறேன். யாரும் நடலை."

"நடாம எப்படி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் மத்தியானம் படுக்கிற இடம் இது."

குப்பாத்தா மரங்களை இன்னொரு முறை பார்த்தாள். படி படியாக இறங்கி வந்த வரிசை கரடி உயரத்தோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு படி இருக்க வேண்டுமே? இல்லை. போன வருடக் கன்று ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, போன வருசம் மட்டும் ஏன் ஒண்ணும் முளைக்கலை?"

செங்கோடனின் காது ஒருமுறை ஆடியது. "போன வருசம் எனக்கு யாரு பழம் கொடுத்தாங்க?"

குப்பாத்தா சிரிக்க ஆரம்பித்தாள். தவளை சிரித்தால் வயிறு முழுக்கக் குலுங்கும். வாயில் போட்டு விழுங்குகிறான். இந்த வெட்டவெளியில் வந்து படுக்கிறான். விழுங்கினதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறான். கொட்டை பல்லுக்கு அகப்படவில்லை. துப்புகிறான்! சதை போன கொட்டை, வயிற்றுச் சூட்டில் ஊறின கொட்டை, வெயிலில் கிடக்கிறது. மழை வந்ததும் முளைக்கிறது. இவனைத்தான் காவல் போட்டுத் துரத்தியிருக்கிறோம்!

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"மறுநாள்தான் தோணுச்சு."

"மறுநாள் வந்து சொல்லலாமில்லீங்களா?"

"திருட்டுப்பயல் சொன்னா எடுபடுமா அம்மிணி?"

 அது நியாயம்தான் என்று குப்பாத்தாவுக்குப் பட்டது. அவள் தன் வயிற்றைக் காட்டினாள். போன வருடம் நடந்ததைச் சொன்னாள். சுனையில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொன்னாள். ஒரு வேளை சுனைக்கரையில் வந்து படுத்து அசை போட்டால் போதும் என்று கெஞ்சினாள்.

செங்கோடன் கேட்டுக்கொண்டான். முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் தலையை ஆட்டினான். அந்தச் சுனையில் வாய் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தாயிற்று, அந்தச் சுனைக்காக வாய் அசைப்பதும் அதில் சேர்ந்ததுதான் என்றான்.

"சரிங்கண்ணா. தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"கீழே ஓடை இருக்குது. அங்கே குடிக்கிறேன். உங்க தயவு ஒண்ணும் வேண்டியதில்லை."

"ஓடையில இப்ப தண்ணி எப்படி?"

"குறைஞ்சு போச்சு. நூல் மாதிரி வருது."

"எங்கிருந்து வருது?"

செங்கோடன் வாயைத் திறந்தான். மூடினான். தாடை நின்றது.

"எங்க சுனைத் தண்ணி கசிஞ்சு, பாறைக்கு அடியில புகுந்து, இங்கே வந்து ஓடையாகுது," என்றாள் குப்பாத்தா. "நீங்க ஒரு வருசமாக் குடிச்சது எல்லாம் எங்க தண்ணிதானுங்க. சத்தியம் அன்னைக்கே உடைஞ்சு போச்சு. உடைஞ்சதுக்குப் போய் எதுக்குங்கண்ணா முட்டுக் கொடுக்கறீங்க?"

செங்கோடனுக்கு மூக்கு வரை கோபம் வந்தது. எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். பிறகு தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. குரைப்பு என்று நினைத்தாள் குப்பாத்தா. இல்லை, சிரிப்பு. அவன் சிரித்து யாரும் கேட்டதில்லை என்பதால் அடையாளம் தெரியவில்லை.

"வர்றேன்," என்றான். "ஆனா ஒண்ணு. தின்னாதேன்னு சொன்ன வாய், அதே இடத்துல, எல்லார் முன்னாலயும், தின்னுங்கன்னு சொல்லணும். மரத்து மேல உட்கார்ந்து இல்லை. தரையில நின்னு."

குப்பாத்தா ஈரம் காயும் முன்னே திரும்பிப் போனாள். கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. வெள்ளையம்மா மட்டும் கண்ணை மூடி யோசித்தாள். விழுந்த மரம் முளைத்த இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு கேளையாடு படுக்கும் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு நம்பினார்கள்.

அந்தக் கன்றுகளையே பிடுங்கி வந்து நட்டுவிடலாமே என்றான் மாரப்பன். ஆணிவேர் அறுந்தால் செத்துப்போகும் என்றாள் வெள்ளையம்மா. அவள் பிடுங்கின கன்றுகள் ஏராளம். ஒன்றும் பிழைத்ததில்லை.

மிச்சம் இருந்தது நாச்சிமுத்து மட்டும்.

"நான் தரைக்கு வர்றதா? பெரியதனம்னா ஒரு மரியாதை இருக்குதில்ல?" என்று அவன் இன்னும் ஒரு கிளை மேலே ஏறினான்.

குப்பாத்தா எவ்வளவோ கேட்டாள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டான். வெள்ளையம்மா நடந்து வந்து அந்த மரத்தின் மேல் முதுகைச் சாய்த்தாள்.

"முதுகு கொஞ்சம் அரிக்குது," என்றாள். "நாலு தேய்ப்புத் தேய்ச்சுக்கறேன்."

முதல் தேய்ப்பில் இலை உதிர்ந்தது. இரண்டாவதில் சுள்ளி உதிர்ந்தது. மூன்றாவதில் பெரியதனம் உதிர்ந்தது!

சொன்னபடி வந்த செங்கோடன் சுனைப் பாறை ஓரம் நின்றிருந்தான். நாச்சிமுத்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான். தரையில் நின்றால் அவன் செங்கோடனின் தோள் உயரம்கூட இல்லை என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"தின்னு," என்றான்.

செங்கோடன் காதைச் சாய்த்துக் காத்திருந்தான்.

"தின்னுங்க," என்றான் நாச்சிமுத்து.

அவ்வளவுதான். முகட்டு மரத்துக் காவல் அன்றே போனது. நாச்சிமுத்து உச்சியில் ஏறிக் குலை குலையாகப் பறித்துப் போட்டான். செங்கோடன் ஒரு வருடப் பசி தீரத் தின்றான். பிறகு மெதுவாக நடந்து வந்து, சுனைக்கரையில் பழைய மரம் விழுந்த வெட்டவெளியில் கால் மடக்கிப் படுத்தான்.

காடு முழுவதும் சுற்றி உட்கார்ந்தது. எல்லார் கண்ணும் அவன் வாய் மேல். தாடை இடம் போனால் எல்லார் தலையும் இடம் போனது. வலம் போனால் வலம் போனது. வெயில் ஏறியது. யாருக்கும் போக மனமில்லை. ஒரு மலை அணிலுக்குத் தும்மல் வந்தது. நாலு பேர் அதட்டினார்கள்.

செங்கோடன் தாடையை நிறுத்தினான். கன்னம் லேசாக உப்பியது.

டப்!

ஒரு கொட்டை வந்து மண்ணில் விழுந்தது. காடே ஓ என்று கூவியது. மாரப்பன் இரண்டு காலில் எழுந்து ஆடினான். நாச்சிமுத்துகூடத் தன்னை மறந்து கை தட்டிவிட்டுப் பிறகு கையை மறைத்துக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு மடி நிறையும் அளவுக்குக் கொட்டைகள் விழுந்தன. நாலு நாள் இப்படி நடந்தது.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. சும்மா இருக்கிற வேலை.

மாரப்பன் புற்றுமண்ணோடு வந்தான். வேண்டாம், மேலே ஒரு விரல் புழுதி போதும் என்றான் செங்கோடன். முள்ளம்பன்றிகள் தோண்ட வந்தன. போகச் சொன்னான். பந்தலைப் பிரிக்கச் சொன்னான். வெயிலில் காய்ந்து வெடித்தால்தான் அந்தக் கொட்டை கண் திறக்கும் என்றான். வெள்ளையம்மா தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு நின்றாள். முளைக்கிற வரை மழைத் தண்ணீர் மட்டும்தான், முளைத்த பிறகும் மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம், வேரடியில் தண்ணீர் தேங்கினால் கன்று அழுகிவிடும் என்றான். அவள் அந்தத் தண்ணீரைச் சுனையிலேயே விட்டாள். சுனை அன்று ஒரு தும்பிக்கை அளவு கூடியது. ஒரு வருடமாக ஊற்றிய தண்ணீரைச் சுனையிலேயே விட்டிருக்கலாமே என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

குப்பாத்தா அந்தக் கோடையில் சுனையின் ஆழமான மூலையில், பாறை இடுக்கில், இருந்த கொஞ்சம் நிழலில் முட்டையிட்டாள். நாச்சிமுத்து பிரித்த பந்தலின் தழையைச் செங்கோடன் அந்த மூலை மேல் இழுத்துப் போட்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

வைகாசி மழை இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் செங்கோடன் கரைக்கு வந்தான். மண்ணில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தான். முளை! அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எண்ணவே தோன்றவில்லை அவனுக்கு. மனது நிறைந்து தலையைத் தூக்கி வாய் கொள்ளாமல் குரைத்தான்.

கேளையாடு குரைத்தால் சிறுத்தை வந்துவிட்டது என்று அர்த்தம். மாரப்பன் மரம் ஏறினான். அணில்கள் பொந்துக்குள் பாய்ந்தன. முள்ளம்பன்றிகள் முள்ளை விரித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று மோதிக் கத்தின. வெள்ளையம்மாவே பத்தடி பின்னால் போனாள். செங்கோடன் நடுவில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தான்.

"சிறுத்தை எந்தப் பக்கம்?" என்று நாச்சிமுத்து உச்சியிலிருந்து நடுங்கிக்கொண்டு கேட்டான்.

"சிறுத்தை இல்லீங்கண்ணா," என்றாள் குப்பாத்தா தண்ணீரிலிருந்து. "சந்தோசம்."

அன்றைக்குக் காட்டில் யாரும் இரை தேடப் போகவில்லை. முளையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளையம்மா சொன்னது சரியாக இருந்தது. அந்த அவசரக்காரன் நிற்கவே இல்லை. ஐப்பசியில் அவள் முழங்காலுக்கு வந்தான். நெருக்கமாக முளைத்தவற்றில் மெலிந்ததைச் செங்கோடனே மேய்ந்து எடுத்தான். மரத்துக்கு மரம் ஒரு யானை படுக்கும் இடம் விட்டான். அடுத்த வருடம் பக்கக் கிளைகள் வந்தன. விட்டால் மரம் புதராகிவிடும். அந்த இளந்தளிரைத் தின்னும் வேலையை நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தான்.

"பக்கத்துல வர்றது எல்லாம் உனக்கு. நுனிக் குருத்துல வாய் வச்சே, ஆயுசுக்கும் உனக்கும் எனக்கும் பேச்சில்லை."

நாச்சிமுத்து நுனியைப் பார்த்து எச்சில் விழுங்கினான். ஆனால் வாய் வைக்கவில்லை. அதனால்தான் மரம் அம்பு போல நேராக ஏறியது.

மூன்றாம் கோடையில் சித்திரை வெயில் காட்டை வறுத்தது. சுனை மேல் மட்டும் ஒரு வெயில் பொட்டுகூட விழவில்லை. தண்ணீர் கரை தொட்டு நின்றது. தலைப்பிரட்டைகள் கறுப்பு மேகம் போலக் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அடுத்த மழையில் குப்பாத்தாவின் பிள்ளைகள் கரையேறித் தத்தியபோது, மிதித்துவிடக் கூடாதே என்று வெள்ளையம்மா அரை நாள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

செங்கோடன் தண்ணீர் குடிக்க வந்தான். சுனையிலேயே வாய் வைத்துக் குடித்தான்.

மேலே நாச்சிமுத்து கூட்டம் கூட்டியிருந்தான். புதிதாக வந்த குரங்குகளுக்கு மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் தன் ஏற்பாட்டில் வளர்ந்த மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

செங்கோடன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். காது விறைத்தது.

"கேட்டியா அம்மிணி? இதையும் மனசுல வச்சுக்கறேன்."

"வச்சுக்குங்கண்ணா. உங்க மனசு, உங்க இஷ்டம்," என்றாள் குப்பாத்தா. "கொட்டையை மட்டும் உள்ளே வச்சுக்காதீங்க. துப்பிருங்க."

செங்கோடன் அவளைப் பார்த்தான். தொண்டையில் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை யாரும் மரம் ஏறவில்லை. அது சிரிப்பு என்று இப்போது காட்டுக்கே தெரியும்.

அடுத்தவன் தின்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, அவன் கொடுப்பது கடைசிவரை கண்ணில் படாது.